தெற்கு வானம் – 27: காசி எவ்வளவு தூரம்?

தீர்த்தமலையில் படியேறும்போது மூச்சு வாங்க உட்காரும் இடத்திலெல்லாம் யாராவது கதை சொல்லிக்கொண்டிருப்பார்கள். போன தை மாதம் நான் ஏறியபோது எனக்கு முன்னால் ஒரு பாட்டியும் பேரனும். பையனுக்கு ஏழெட்டு வயது இருக்கும். இராவண வதம் முடிந்து திரும்பிய இராமர் இங்கே சிவபூஜை செய்ய நினைத்தது, காசித் தீர்த்தம் கொண்டுவர அனுமனை அனுப்பியது, நேரம் தவறப்போகிறதே என்று வில்லை எடுத்து மலைமேல் அம்பு விட்டது, பாறை பிளந்து தண்ணீர் வந்தது என்று பாட்டி அடுக்கிக்கொண்டே வந்தார். பையன் நடுவில் நிறுத்தினான்.

"ஏன் ஆயா, அனுமாரு பறந்துதானே போனாரு? அப்புறம் எப்படி லேட்டாச்சு?"

"காசி என்ன அரூர்லயா இருக்குது கண்ணு? பறந்தாலும் தூரம் தூரந்தான்."

பிறகு மிச்சக் கதையையும் சொன்னார். தாமதமாக வந்து சேர்ந்த அனுமன், பூஜை முடிந்துவிட்டதைப் பார்த்து மனம் நொந்து செம்பை வீசி எறிய, அது தென்பெண்ணைக் கரையில் போய் விழுந்ததாம். அந்த இடம்தான் அனுமன்தீர்த்தம். இன்றும் இந்தப் பக்கத்து மக்கள் அங்கே முழுகிவிட்டுத்தான் இங்கே வந்து இராமர் தீர்த்தத்தில் தலை நனைப்பார்கள். தாமதமாக வந்த தண்ணீருக்குத்தான் முதல் மரியாதை.

மேலே போய் இராமர் தீர்த்தத்தின் கீழ் நின்றேன். பாறை முகட்டிலிருந்து விரல் கனத்துக்கு விழுகிற தண்ணீர், காற்று அடித்தால் இரண்டடி தள்ளி விழுகிறது. தலையை அதற்கேற்ப நகர்த்திக்கொண்டே நனைய வேண்டும். அந்த இடத்தில் நின்றபடியே இந்த வார அத்தியாயத்துக்கு வழி கிடைத்துவிட்டது. பறக்கத் தெரிந்தும் ஏன் தாமதம் என்று அந்தப் பையன் கேட்டதுதான், சிறு விமானங்களைச் செய்தவர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்களைத் தாங்களே கேட்டுவரும் கேள்வி.

இந்த மலையிலிருந்து வடமேற்கே, நேர்கோட்டில் 110 கிலோமீட்டர் தொலைவில், ஓசூரை அடுத்த பெலகொண்டப்பள்ளியில் 1990-களில் ஒரு விமானம் செய்யப்பட்டது. அப்போது ஓசூரும் தருமபுரி மாவட்டம்தான். கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004 பிப்ரவரியில். எனவே அது தீர்த்தமலைக்கு உறவுமுறை உள்ள விமானம் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். இந்தியாவில் ஒரு தனியார் நிறுவனம் ராணுவத்துக்கல்லாத விமானத்தைத் தயாரித்தது அதுவே முதல்முறை. பிஸ்டன் என்ஜின் பூட்டிய தனியார் விமானங்களில் உலகத்திலேயே வேகமானவை எவை, அவற்றுக்குப் பக்கத்தில் நம் ஓசூர் விமானத்தை நிறுத்தினால் எங்கே நிற்கும் என்பதை இந்த வாரம் பார்ப்போம். அளவுகோலும் பாட்டியே கொடுத்ததுதான்: தீர்த்தமலையிலிருந்து காசி. வான்வழியில் 1,500 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

*

முன் அத்தியாயங்களில், 1910-ல் மதராஸ் ஹோட்டல் முதலாளி டி ஏஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியில் செய்வித்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டதைப் பார்த்தோம். அன்று தரையை விட்டு எழும்பியதே சாதனை. எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரலாம் என்ற கேள்வி நம்மவர்களிடம் சூடு பிடித்தது 1930-ல், ஆகா கான் அறிவித்த 500 பவுன் பரிசால். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு அந்தப் பரிசு. மன்மோகன் சிங், ஜே.ஆர்.டி. டாடா, ஆஸ்பி எஞ்சினியர் மூவரும் இறங்கினார்கள். மூவரிடமும் இருந்தவை திறந்த காக்பிட் கொண்ட மாத் ரக விமானங்கள், 100 குதிரைத்திறன் அளவிலான என்ஜின்கள். மணிக்கு 130, 140 கிலோமீட்டர் போனால் அதுவே நல்ல ஓட்டம்.

கராச்சியிலிருந்து மேற்கே கிளம்பிய ஜே.ஆர்.டி., எகிப்தில் அபுகீர் நிலையத்தில் இறங்கினார். எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்த ஆஸ்பி அங்கே முடங்கிக் கிடந்தார். வயது 17. என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. தன்னிடமிருந்த உபரி பிளக்குகளை ஜே.ஆர்.டி. எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் வழியே போனார். சில மணி நேர வித்தியாசத்தில் பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று. இதைப் பலரும் பெருந்தன்மைக் கதையாகச் சொல்வார்கள், அது உண்மைதான். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. கண்டம் தாண்டும் அந்தப் பந்தயத்தின் முடிவைத் தீர்மானித்தது விமானத்தின் வேகமல்ல, விரல் நீளத்துக்கு ஒரு பீங்கான் பிளக். அந்தப் பையன் ஆஸ்பி பின்னாளில் பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தை நிர்வகித்தார், 1960-ல் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார்.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து பம்பாய் ஜூஹுவுக்குத் தபால் பையோடு பறந்தது பஸ் மாத் விமானத்தில். மூடிய அறை, 120 குதிரைத்திறன், உச்ச வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். வழியில் அகமதாபாத்தில் அவருக்கு எரிபொருள் வந்து சேர்ந்தது மாட்டு வண்டியில், தகர டின்களில். பம்பாயிலிருந்து தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுவந்தார். பஸ் மாத்தில் தீர்த்தமலையிலிருந்து காசிக்குப் போவதாக வைத்துக்கொண்டால், பறக்கும் நேரம் மட்டும் ஒன்பதரை மணி. நடுவில் பெட்ரோல் போட மூன்று இடத்திலாவது இறங்க வேண்டும். மாட்டு வண்டிக்காகக் காத்திருக்கும் நேரம் தனிக் கணக்கு.

சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1934 அக்டோபரில், காசிக்குப் பக்கத்து ஊரான அலகாபாத்தில் வந்து இறங்கிய ஒரு சிவப்பு விமானம் இந்தக் கணக்கையெல்லாம் புரட்டிப்போட்டது.

*

மெல்போர்ன் நகரின் நூற்றாண்டு விழாவுக்காக லண்டன்–மெல்போர்ன் பந்தயம் அறிவித்திருந்தார்கள். 18,000 கிலோமீட்டர். கட்டாயம் இறங்க வேண்டிய ஊர்களில் பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர் ஆகியவையும் இருந்தன. இந்தப் பந்தயத்துக்கென்றே டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்தது காமெட் விமானம். மொத்தமே ஐந்துதான் செய்தார்கள். முதல் விமானம் பறந்தது செப்டம்பர் 8-ல். பந்தயம் அக்டோபர் 20. இடையில் ஆறு வாரம்.

காமெட்டுக்கு இரண்டு என்ஜின், ஒவ்வொன்றும் 230 குதிரைத்திறன். உச்ச வேகம் மணிக்கு 380 கிலோமீட்டர். 460 குதிரைத்திறனுக்கு இந்த வேகம் எப்படி வந்தது? விட்டுக்கொடுத்தவற்றின் பட்டியலைப் பார்த்தால் புரியும். சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொள்ளும்படி செய்தார்கள். அதை விமானி கையால் ஒரு வளையத்தைச் சுற்றிச் சுற்றி மடக்க வேண்டும். உடம்பைத் தோள் அகலத்துக்கு ஒடுக்கினார்கள். இரண்டு பேர், ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர். பெட்டி படுக்கைக்கு இடமில்லை. விமானிக்கு முன்னால், மூக்கு முழுக்கப் பெட்ரோல் தொட்டி. அதனால் இறங்கும்போது ரன்வே கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். இறக்கை மெலிந்தது, நுனியில் இன்னும் மெலிந்தது. வேகம் குறைந்தால் சட்டென்று ஒரு பக்கம் சரியும் குணம் அதற்கு.

புரொப்பெல்லர் விஷயம் இன்னும் சுவையானது. எழும்பும்போது புரொப்பெல்லரின் தகடு ஒரு கோணத்தில் இருக்க வேண்டும், வேகமாய்ப் போகும்போது வேறு கோணத்தில். நம் லாரி டிரைவர் முதல் கியரில் எடுத்து மேல் கியருக்குப் போவதைப் போல. காமெட்டில் இதற்காக என்ஜின் கிளப்பும் முன் சைக்கிள் பம்ப்பை எடுத்து வந்து புரொப்பெல்லர் மூக்குக்குள் காற்றடிப்பார்கள். அந்தக் காற்று தகடுகளை எழும்பும் கோணத்தில் பிடித்து வைத்திருக்கும். மேலே போய் வேகம் கூடியதும், முன்னால் உள்ள ஒரு வட்டத்தகட்டில் எதிர்காற்று அழுத்த, உள்ளிருந்த காற்று வெளியேறித் தகடுகள் அடுத்த கோணத்துக்குப் போய்விடும். திரும்ப முதல் கியருக்கு வர வழி கிடையாது. தரையில் இறங்கி மறுபடி சைக்கிள் பம்ப்தான். அவ்வளவு வேகமான விமானம் ஒவ்வோர் ஊரிலும் கிளம்பியது இப்படித்தான்.

ஸ்காட், கேம்ப்பெல் பிளாக் என்ற இருவர் ஓட்டிய சிவப்பு காமெட், பாக்தாத்திலிருந்து நிற்காமல் அலகாபாத்துக்கே வந்துவிட்டது. 71 மணி நேரத்துக்குள் மெல்போர்னைத் தொட்டு 10,000 பவுன் பரிசையும் வாங்கியது.

இன்னொரு காமெட், கறுப்பு நிறம். ஓட்டியவர்கள் ஜிம் மாலிசனும் அவர் மனைவி ஏமி ஜான்சனும். கராச்சி வரை முன்னணியில் இருந்தவர்கள், அங்கிருந்து அலகாபாத் வரும் வழியில் திசை தவறி ஜபல்பூரில் இறங்கினார்கள். அந்த என்ஜினுக்கு வேண்டிய உயர்தரப் பெட்ரோல் அங்கே இல்லை. உள்ளூர் பஸ் கம்பெனியில் கிடைத்த பெட்ரோலை ஊற்றிக்கொண்டு கிளம்பினார்கள். நடுவானில் ஓர் என்ஜின் போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றை என்ஜினில் தள்ளாடி அலகாபாத் வந்து சேர்ந்ததோடு அவர்களுடைய பந்தயம் முடிந்தது. கங்கைக் கரையில் நின்றுபோன அந்தக் கறுப்பு விமானத்தை நினைவில் வைத்திருங்கள். கடைசியில் அதனிடம் திரும்ப வர வேண்டியிருக்கும்.

*

ஓசூருக்கு வருவோம். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று சிப்காட் வளர்ந்துவிட்ட ஊர். பெங்களூருவின் விமானத் தொழில் அனுபவம் ஒரு மணி நேரத் தொலைவில். இந்தியன் சீம்லெஸ் குழுமத்தைச் சேர்ந்த தனேஜா ஏரோஸ்பேஸ், சுருக்கமாக 'டால்', பெலகொண்டப்பள்ளியில் தனக்கென்று 7,000 அடி நீள ரன்வே போட்டது. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து பார்டெனாவியா நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, பி68சி என்ற ஆறு இருக்கை விமானத்தை இங்கே தயாரித்தது. பேராசிரியர் லூயிஜி பாஸ்காலே வடிவமைத்தது அது. பி68 குடும்பத்து முதல் விமானம் பறந்தது 1970-ல்.

பி68-ஐப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அதன் இறக்கை. தலைக்கு மேலே போகிறது. அதனால் உள்ளே உட்கார்ந்தால் ஜன்னலுக்குக் கீழே மறைப்பே இல்லை, தரை முழுவதும் தெரியும். சக்கரங்கள் மடங்காதவை, நிரந்தரமாகத் தொங்குபவை. இரண்டு பக்கமும் லைக்கமிங் ஐஓ-360 என்ஜின், தலா 200 குதிரைத்திறன். மூடியைத் திறந்தால் வலமும் இடமும் கிடைமட்டமாகப் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் மேலும் நெருக்கமாகச் சீப்புப் பல் போன்ற உலோக மடிப்புகள். தண்ணீரும் ரேடியேட்டரும் கிடையாது, காற்றேதான் குளிர்ச்சி. ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், இரண்டும் வேறு வேறு மேக்னெட்டோவிலிருந்து (பொறிக்கு மின்சாரம் தரும் கருவி). ஒன்று போனாலும் இன்னொன்று பற்றவைக்கும். கிளம்புவதற்கு முன் விமானி ஒரு மேக்னெட்டோவை அணைத்துப் பார்ப்பார், என்ஜின் சுழற்சி கொஞ்சம் இறங்கும். பிறகு மற்றது. அந்த இறக்கம் அளவோடு இருந்தால்தான் ரன்வேக்குப் போவார். அபுகீரில் ஆஸ்பி தவித்த அதே பிளக் விவகாரம்தான் இதுவும்.

இந்த விமானத்தின் உச்ச வேகம் மணிக்கு சுமார் 320 கிலோமீட்டர். நின்று நிதானமாகப் பறந்தால் 300. காசிக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல்.

இப்போது காமெட்டின் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். அது சாதாரணமாகப் பறக்கும் வேகமே மணிக்கு 350 கிலோமீட்டர். காசிக்கு நாலே கால் மணி நேரம் சொச்சம். 1934-ல் மரத்தில் செய்த விமானம், 1990-களில் அலுமினியத்தில் செய்த விமானத்தைக் காசியில் முக்கால் மணி நேரம் முந்திவிடும்! என்ஜின் பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 460-க்கு 400.

இதைவிட என்னை யோசிக்கவைத்த ஒப்பீடு இன்னொன்று. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக் கெர்வில் ஊரில் மூனி என்ற நிறுவனம். 1970-களின் நடுவில் ராய் லோப்ரெஸ்டி என்ற பொறியாளர் அங்கே வந்தார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நான்கு இருக்கை மூனியை எடுத்துக்கொண்டு, என்ஜினைத் தொடாமல் மற்றதையெல்லாம் துடைத்துச் சீர்செய்தார். முன்கண்ணாடியை இன்னும் சரித்து வைத்தார். என்ஜின் மூடியைப் புதிதாக வடித்தார். மடங்கிய சக்கரக்குழிகளைக் கதவு வைத்து மூடினார். காற்று நுழையும் சின்னச் சின்ன இடுக்குகளை அடைத்தார். மணிக்கு இருபது மைலுக்கு மேல் வேகம் கூடிவிட்டது. 1977-ல் சந்தைக்கு வந்த அந்த விமானத்துக்கு 'மூனி 201' என்றே பெயர். 201 மைல், அதாவது 320 கிலோமீட்டருக்கு மேல். அதன் என்ஜின் லைக்கமிங் ஐஓ-360, 200 குதிரைத்திறன்.

ஆமாம், அதே குடும்பத்து என்ஜின். ஓசூர் விமானத்தில் இரண்டு, மூனியில் ஒன்று. வேகம் இரண்டுக்கும் ஒன்றே.

காரணம் இதுதான். ஆடிக் காற்றில் அரூர் ரோட்டில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும்: மெதுவாகப் போனால் போகலாம், கொஞ்சம் வேகமெடுத்தால் தொடை கடுத்துவிடும். வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் காற்றை எதிர்க்க எட்டு மடங்கு பலம் வேண்டும். திருப்பிச் சொன்னால், என்ஜின் பலத்தை இரண்டு மடங்காக்கினாலும் வேகம் கால் பங்குதான் கூடும். இரண்டாவது என்ஜின் ஈட்டித் தரும் அந்தக் கால் பங்கையும், தொங்கும் சக்கரமும் அகன்ற உடம்பும் இரண்டு என்ஜின் கூடுகளும் தின்றுவிடுகின்றன. புரொப்பெல்லரை இன்னும் வேகமாகச் சுழற்றலாமே என்றால் அதுவும் ஓரளவுக்குத்தான். இந்த என்ஜின் நிமிடத்துக்கு 2,700 சுற்று சுற்றும்போதே தகட்டின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கத் தொடங்குகிறது. அதற்கு மேல் போனால் சத்தம் வரும், இழுவை வராது.

அப்படியானால் ஓசூர்க்காரர்கள் தப்பான விமானத்தைத் தேர்ந்தெடுத்தார்களா? இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். பி68 ஏறக்குறைய 2,000 கிலோ எடையோடு எழும்பும். மூனி 1,240 கிலோ. பி68-ல் ஆறு பேர், அவர்களுடைய மூட்டை, கேமரா, நில அளவைக் கருவி எல்லாம் ஏற்றலாம். ஓர் என்ஜின் நின்றாலும் இன்னொன்று உண்டு. ஜவ்வாது மலைக்கும் சேர்வராயன் மலைக்கும் நடுவில், இறங்க ஒரு கெட்டி நிலம் தேட வேண்டிய ஊரில், அது பெரிய தைரியம். சக்கரம் மடங்காது என்பதால் மடக்கும் இயந்திரம் பழுதாகும் என்ற பயமும் இல்லை. கரடுமுரடான ஓடுதளத்திலும் இறங்கும். அன்றைய இந்தியாவுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

*

உலகத்தின் வேகக்காரர்களை ஓரெட்டுப் பார்த்துவிடுவோம்.

முழுதாகத் தொழிற்சாலையில் செய்து சான்றிதழோடு விற்கப்பட்ட ஒற்றை பிஸ்டன் என்ஜின் விமானங்களில், மூனியின் அக்லெய்ம் டைப் எஸ் கொடி நாட்டியது. 280 குதிரைத்திறன், இரண்டு டர்போசார்ஜர், மணிக்கு 242 நாட், அதாவது 448 கிலோமீட்டர். அதன் குதிகாலில் வந்தது கொலம்பியா 400. செஸ்னா நிறுவனம் அதை வாங்கி, பின்னாளில் டிடிஎக்ஸ் என்று பெயர் மாற்றியது. 235 நாட். இதன் சக்கரம் மடங்காதது என்பதைக் கவனியுங்கள். ஆணித்தலை ஒன்றுகூடத் துருத்தாமல் கூட்டுப்பொருளில் வார்த்த உடம்பும், சக்கரத்துக்குப் போட்ட மீன் வடிவ உறையும் அந்த வேகத்தைக் கொடுத்தன. சிரஸ் எஸ்ஆர்22டி, ஆறு இருக்கை பைப்பர் எம்350 இரண்டும் 213 நாட். வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கிட் விமானமான லான்சேர் 4-பி இவர்களையெல்லாம் தாண்டி 500 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. இறக்கை அவ்வளவு சின்னது. ஆகவே இறங்கும் வேகமும் அவ்வளவு கூடுதல், தப்பு செய்தால் மன்னிக்காது. போர்க்கால முஸ்டாங் விமானத்தைத் தனியார் வாங்கிச் செதுக்கிச் செதுக்கிப் பந்தயத்துக்கு விட்டதில், 2017-ல் வூடூ என்ற ஒன்று மணிக்கு 855 கிலோமீட்டரைத் தொட்டது. அது வேறு ஜாதி. ஊருக்குப் போய்வர உதவாது.

அக்லெய்மின் 448 என்ற எண்ணைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அது 25,000 அடி உயரத்தில் கிடைக்கிற வேகம். அங்கே காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. எதிர்க்கிற காற்று மெலிந்திருப்பதால் ஓட்டம் கூடுகிறது. மெலிந்த காற்றில் என்ஜினும் மூச்சுத் திணறும் என்பதால், டர்போசார்ஜர் புகைவேகத்தில் சுழன்று காற்றை அமுக்கி ஊட்டுகிறது. மனிதர்களுக்கு அப்படி ஊட்ட யாரும் இல்லை, ஏனென்றால் அந்த அறையில் காற்றழுத்தம் ஏற்றும் வசதி கிடையாது. நான்கு பேரும் முகமூடி மாட்டி ஆக்சிஜன் சுவாசித்துக்கொண்டே போக வேண்டும்.

காசிக்கென்றால் இதெல்லாம் தகும். மூன்றரை மணியில் போய்ச் சேரலாம், ஏறும் நேரத்தையும் சேர்த்தால் நாலு மணிக்குள். ஆனால் தீர்த்தமலைக்கு மேலிருந்து ஓசூருக்கு? 110 கிலோமீட்டர். 25,000 அடி ஏறவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த உயரத்தைத் தொடும்போது விமானம் ஓசூரை நெருங்கிவிட்டிருக்கும். உலகச் சாதனை விமானமும் ஓசூர் பி68-உம் இங்கிருந்து ஒரே நேரத்தில் கிளம்பினால், பெலகொண்டப்பள்ளி ரன்வேயில் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து நிற்கும். பறந்தாலும் தூரம் தூரந்தான் என்று பாட்டி சொன்னதில் இவ்வளவு இருக்கிறது.

சந்தையும் ஏறத்தாழ இதையே சொன்னது. டிடிஎக்ஸ் 2018-ல் நின்றுபோனது. மூனி தொழிற்சாலை பலமுறை மூடித் திறந்தது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் விற்றுக்கொண்டிருப்பது சிரஸ்தான். அதன் சக்கரம் மடங்குவதில்லை, வேகத்தில் அக்லெய்முக்குத் தோற்றதுதான். ஆனால் ஆபத்து வந்தால் கயிற்றை இழுத்து விமானத்தையே பாராசூட்டில் இறக்கிவிடலாம். வாங்குகிறவர்கள், குறிப்பாகப் பக்கத்து இருக்கையில் உட்காரப்போகும் மனைவிமார்கள், அந்தக் கயிற்றுக்கு மதிப்பு வைத்தார்கள்.

*

ஓசூர் விமானத்துக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. விமானம் சரியாக இருந்தும், அது வளர்வதற்கு வேண்டிய மண் இங்கே இல்லாமல் போனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. சின்ன விமானம் இறங்கத் தாலுக்காதோறும் ஓடுதளம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பெட்ரோல். இந்த என்ஜின்கள் குடிப்பது நீல நிறச் சாயமிட்ட அவ்காஸ் என்ற தனிப் பெட்ரோல். ஜெட் விமானங்களுக்கான மண்ணெண்ணெய் வகை எரிபொருள் பெரிய நிலையங்களிலெல்லாம் கிடைக்கும். அவ்காஸ் இறக்குமதிச் சரக்காகவே இருந்தது. இரண்டு என்ஜினும் சேர்ந்து மணிக்கு 70 லிட்டருக்கு மேல் குடிக்கிற விமானத்தை வைத்துக்கொண்டு, அடுத்த ஊரில் அந்த நீலத் தண்ணீர் கிடைக்குமா என்று தெரியாமல் யார் கிளம்புவார்கள்? 1934-ல் மாலிசன் தம்பதி ஜபல்பூரில் மாட்டிக்கொண்ட அதே முடிச்சு, அவிழாமல் அறுபது ஆண்டு கிடந்தது. அவ்காஸை நம் நாட்டிலேயே தயாரித்து இந்தியன் ஆயில் வெளியிட்டது 2022 செப்டம்பரில்தான், வதோதராவில் உள்ள குஜராத் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து.

டால் நிறுவனம் பி68-ஓடு நின்றுவிடவில்லை. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த இரண்டு இருக்கை ஹன்சா பயிற்சி விமானமும் ஓசூரில் உருவானது. 2000-ல் சான்றிதழ் பெற்ற ஹன்சா-3-க்கு ரோட்டாக்ஸ் 914 என்ற டர்போ என்ஜின், வெறும் 115 குதிரைத்திறன். காசிக்கு எட்டு மணி நேரமாவது ஆகும். யாரும் அதில் காசிக்குப் போகப்போவதில்லை. பறக்கக் கற்றுக்கொள்ளத்தான் அது. முழு உடம்பும் கூட்டுப்பொருள். டிடிஎக்ஸுக்கும் லான்சேருக்கும் வேகம் கொடுத்த அதே கைவேலையை, நம் இளைஞர்கள் அச்சில் அடுக்கடுக்காக நார்த்துணி விரித்து, பிசின் தடவி, காற்றை உறிஞ்சி இறுக்கிக் கற்றுக்கொண்டது ஹன்சாவில்தான். வேகமான விமானத்தை நாம் செய்யவில்லை. அதைச் செய்யும் கை நம்மிடம் வந்துவிட்டிருந்தது.

2021 செப்டம்பர் 3 அன்று பெங்களூருவில் புதிய ஹன்சா-என்ஜி முதல்முறை பறந்தது. அதற்கு ரோட்டாக்ஸ் 912 ஐஎஸ்சி என்ஜின். அந்த என்ஜினுக்கு அவ்காஸ் கட்டாயமில்லை. ஈயம் கலக்காத நல்ல கார் பெட்ரோலில் ஓடும்படியே செய்யப்பட்டது. பஸ் கம்பெனி பெட்ரோலைக் குடித்துவிட்டு அலகாபாத்தில் நின்றுபோன கறுப்புக் காமெட்டுக்கு, 87 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பதில்.

அன்று மாலை தீர்த்தமலையிலிருந்து இறங்கும்போது பையன் முன்னால் ஓடிக்கொண்டிருந்தான், பாட்டி ஒவ்வொரு படியாக வந்தார். அடிவாரத்தில் பஸ் நின்றுகொண்டிருந்தது. அவன் போய் முன்சீட்டில் துண்டு போட்டு இடம்பிடித்துவிட்டு, "ஆயா, வெரசா வா" என்று ஜன்னல் வழியே கத்தினான். டிரைவர் என்ஜினைக் கிளப்பிவிட்டு, பாட்டி ஏறும்வரை நின்றார்.

(அடுத்த வாரம்: ஹன்சாவுக்கு முன்னால் பெங்களூருவில் பறந்த, வால் முன்னாலும் புரொப்பெல்லர் பின்னாலும் கொண்ட ஆய்வு விமானம்)